ஒரே கம்பி

வளையங்களின் வரலாறு – 14

ஏற்காட்டிலிருந்து மாரமங்கலத்துக்கு நடந்து போய், போன வழியிலேயே திரும்பி வருகிற ஒருவரை நினைத்துக்கொள்வோம். கையில் ஒரு நூற்கண்டு. ஏற்காட்டில் நூலின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, நடக்க நடக்க நூலை விட்டுக்கொண்டே போகிறார். மாரமங்கலத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, நூலை விட்டபடியே திரும்புகிறார். ஏற்காடு வந்ததும் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால் நூல் முழுவதும் கைக்கு வந்துவிடும். கால் வலித்தது உண்மை. காப்பித் தோட்டத்துக் குளிர் உடம்பில் பட்டதும் உண்மை. ஆனாலும் இடவியலின் கணக்கில் அவர் எங்குமே போகவில்லை.

இன்னொருவர் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்குகிறார். திரும்பும்போது குப்பனூர் வழியாக ஏறி வருகிறார். நூல் சாலையை விட்டு விலகக் கூடாது என்பது நம் விதி. இவர் எவ்வளவு இழுத்தாலும் நூல் கைக்கு வராது. இரண்டு சாலைகளுக்கும் நடுவே கிடக்கும் மலைச்சரிவைச் சுற்றிக்கொண்டு அது அங்கேயே நிற்கும்.

இந்த இரண்டு நடைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணிதமாக்கியவர் அன்றி போன்கரே. 1895ல் வெளிவந்த 'அனலிசிஸ் சிட்டஸ்' என்ற அவருடைய நெடுங்கட்டுரையில் அடிப்படைக் குலம் பிறந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். ஓர் இடத்தில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் சுற்றுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். இழுத்தும் தளர்த்தியும் ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடிந்தால் இரண்டும் ஒன்றே. ஒன்றை முடித்து மற்றொன்றைத் தொடர்வது பெருக்கல். போன வழியே பின்னோக்கி நடப்பது அதன் எதிர். இவ்வளவுதான் அடிப்படைக் குலம். இந்த இதழில் அந்தக் குலத்தைப் பாதைகளால் மட்டுமே ஆன வெளிகளுக்கு, அதாவது ஒற்றைப் பரிமாண வெளிகளுக்குக் கொண்டுபோவோம். எல்லாவற்றிலும் எளியவை இவைதான் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள்.

பாதைகள் எழுதும் சொற்கள்

சேலத்துக்கு இறங்கிக் குப்பனூர் வழியாக ஏறும் சுற்றுக்கு 'அ' என்று பெயர் வைப்போம். மலைக்குள்ளேயே சுற்றி ஏற்காட்டுக்கே திரும்பும் சாலையை அங்கே 'லூப் ரோடு' என்கிறார்கள். கணிதம் சுற்றுக்கு வைத்திருக்கும் பெயரும் அதுதான். அந்தச் சுற்று 'ஆ' ஆகட்டும். இனி ஒவ்வொரு நடையும் ஒரு சொல். 'அ அ ஆ' என்றால் சேலம் சுற்றை இருமுறையும் லூப் ரோட்டை ஒருமுறையும் சுற்றியவர் என்று பொருள். ஓர் எழுத்தும் அதன் எதிரும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் அழித்துவிடலாம். மாரமங்கலம் போய்த் திரும்பியவரின் நூல் கைக்கு வந்ததைப் போல. அழிக்க இனி ஒன்றுமில்லை என்ற நிலையில் மிஞ்சும் சொல்தான் அந்த நடையின் சாரம்.

'அ ஆ' வேறு, 'ஆ அ' வேறு. எந்தச் சுற்றை முதலில் சுற்றினார் என்பதை நூல் நினைவில் வைத்திருக்கிறது. எழுத்துகளுக்குள் இந்த அழித்தலைத் தவிர வேறு உறவே இல்லை. அதனால்தான் இதற்குக் கட்டற்ற குலம் என்று பெயர். வால்தர் ஃபான் டிக் 1882லேயே இதை ஆராய்ந்திருந்தார். கட்டற்ற குலத்துக்குள் இருக்கும் எந்த உட்குலமும் கட்டற்றதே என்று ஓட்டோ ஷ்ரையர் 1927ல் காட்டினார்.

எத்தனை எழுத்து வேண்டும் என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்த பிறகு, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் தோட்டம் தோட்டமாகப் பாதைகள் பெருகின. அப்படி ஒரு தோட்டத்தில் ஐந்து சந்திகளும் அவற்றை இணைக்கும் ஏழு பாதைகளும் இருப்பதாகக் கொள்வோம். சுற்றே இல்லாமல் ஐந்து சந்திகளையும் இணைக்க நான்கு பாதைகள் போதும். மிச்சம் மூன்று. ஒவ்வொரு மிச்சப் பாதையும் ஒரு புதிய சுற்றைத் தருகிறது. ஆக, மூன்றெழுத்துக் குலம்.

இங்கே ஓர் இழப்பும் நடந்திருக்கிறது. பாதை எங்கே வளைந்தது, எந்தச் சந்தியில் எத்தனை வழிகள் பிரிந்தன, மாரமங்கலம் எந்தப் பக்கம் இருந்தது என்ற எதுவும் குலத்தில் மிஞ்சவில்லை. மூன்று என்ற எண் மட்டுமே மிஞ்சியது. மிச்சம் மூன்று வருகிற எல்லா வரைபடங்களுக்கும் ஒரே குலம். குலத்தைக் கேட்டால் ஊரைச் சொல்ல முடியாது. இந்த இழப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இதனிடமே திரும்பி வருவோம்.

தாம்பரத்தில் ஒரு கோலம்

சுற்றைச் சொல்லாக எழுதும் வேலை தமிழ்நாட்டில் வேறொரு வாசல் வழியாகவும் நடந்தது. அது வீட்டு வாசல்.

1970களின் தொடக்கத்தில் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் ராணி சிரோமணியும் கிஃப்ட் சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் இலக்கணம் எழுத முடியுமா? கணினி அறிவியலில் அது புதிய கேள்வி. கோலத்துக்கு இலக்கணம் வகுக்கும் அவர்களுடைய கட்டுரை 1974ல் வெளிவந்தது. சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சிறிய கோலம் அடுத்த அளவுக்கும், அது அதற்கடுத்த அளவுக்கும் வளரும். முடிவில்லாத ஒரு கோல வரிசையை விரலில் எண்ணக்கூடிய விதிகளுக்குள் அடக்கிவிட்டார்கள். பாட்டி பேத்திக்குச் சொல்லிக் கொடுப்பதும் ஒவ்வொரு கோலத்தையும் அல்ல, வளர்க்கும் முறையைத்தான்.

சிக்குக் கோலம் போடுகிறவர்களிடம் 'கம்பி' என்ற சொல் உண்டு. புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே சேரும் இழைக்கு அந்தப் பெயர். சில கோலங்களில் பல கம்பிகள் பின்னிக் கிடக்கும். சிலவற்றில், எத்தனை புள்ளி இருந்தாலும், கை எடுக்காமல் வரைந்த ஒரே கம்பிதான். 1987ல் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் எழுதிய கட்டுரை இந்தக் கம்பிகளைப் பற்றியது. அஸ்ரியல் ரோசன்ஃபெல்டின் சுழல் இலக்கணம் அதற்குக் கருவியானது. அந்த இலக்கணத்தில் சொல்லுக்கு முதலெழுத்தும் கடைசியெழுத்தும் இல்லை; எழுத்துகள் வட்டமாக நிற்கும். மாவு உலர்ந்த பின் கம்பி எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது அல்லவா? அதற்குப் பொருந்தும் இலக்கணம் இது.

அவர்கள் எழுதியது அடிப்படைக் குலத்தைப் பற்றி அல்ல. படங்களின் இலக்கணத்தைப் பற்றி. ஆனால் இந்தத் தொடரை எழுதுகிறவனுக்கு இரண்டும் ஒரே கோட்டில் தெரிகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முளையை அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். முளைகளைத் தாண்ட முடியாத நூல்தான் கம்பி. ஒன்பது புள்ளிக் கோலத்தில் அந்த நூலின் குலம் ஒன்பது எழுத்துகளின் கட்டற்ற குலம். புறப்பட்ட இடம் மறந்துபோன சுற்றுகளைப் போன்கரேயின் குலத்தில் குறிப்பவையும் வட்டமாய் நிற்கும் சொற்களே. வாசலில் குனிந்து கம்பி இழுக்கும் கை அப்படி ஒரு சொல்லைத்தான் எழுதுகிறது.

கோலம் வெளிப்பக்கமாக வளர்கிறது. அதே விதி உள்பக்கமாகத் திரும்பி, முடிவில்லாமல் சிறுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்?

ஆணியில் தொங்கும் வளையல்கள்

அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். போலந்தின் வாட்ஸ்வாஃப் சியர்பின்ஸ்கி 1915ல் ஒரு முக்கோணத்தின் நடுவை வெட்டி எடுத்தார். மிஞ்சிய மூன்று சிறு முக்கோணங்களின் நடுவையும் எடுத்தார். அதை முடிவின்றித் தொடர்ந்தார். மறு ஆண்டு சதுரத்தில் அதையே செய்தார். அதற்கு இன்று சியர்பின்ஸ்கி கம்பளம் என்று பெயர். 1926ல் கார்ல் மெங்கர் கனசதுரத்தைத் துளைத்துக்கொண்டே போனார். மெங்கரின் வெளியில் எஞ்சுவதும் ஒற்றைப் பரிமாணம்தான். எல்லைக்குள் அடங்கி நிற்கும் எந்த ஒற்றைப் பரிமாண வெளியின் பிரதியையும் அதற்குள் கண்டெடுக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் சாவியான வெளி இன்னும் எளியது. சுவரில் ஓர் ஆணி. அதில் வளையல்கள். முதல் வளையலின் சுற்றளவு 16 செ.மீ., அடுத்தது 8, அடுத்தது 4, பிறகு 2, 1 என்று பாதி பாதியாக முடிவின்றிக் குறைகின்றன. எல்லாம் அந்த ஆணியில் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. கணிதவியலர் இதை ஹவாய்க் காதணி என்கிறார்கள். லோலாக்கு என்று நாம் சொன்னாலும் பொருந்தும்.

ஆணியிலிருந்து ஓர் எறும்பு புறப்படட்டும். முதல் வளையலைச் சுற்றி ஆணிக்கு வருகிறது, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. 16, 8, 4, 2, 1 என்று கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் 32 செ.மீ. தான். சீரான வேகத்தில் நடக்கும் எறும்பு முடிவில்லாத எல்லா வளையல்களையும் முடிவுள்ள நேரத்தில் சுற்றிவிட்டு ஆணியில் வந்து நிற்கும். எல்லா வளையல்களும் 16 செ.மீ. ஆக இருந்தால் இது நடக்காது. எந்த நடையும் சில வளையல்களோடு நின்றுவிடும். வளையல்கள் சிறுத்து ஆணியை நெருங்குவதால்தான் முடிவில்லாத எழுத்துகள் கொண்ட ஒரு சொல் இங்கே சாத்தியமாகிறது. முடிவில்லாத வளையல்களுக்கு ஒரே கம்பி.

நெருங்குவது என்றால் என்ன என்று துல்லியமாகக் கேட்பதுதான் கணவழி இடவியல். அந்தத் துறைக்கு ஆர். வைத்தியநாதசாமி எழுதிய விரிவான நூலை இந்தியக் கணிதக் கழகம் 1947ல் சென்னையில் வெளியிட்டது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இந்த நுட்பம் தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை.

எறும்பு சில வளையல்களை விட்டுவிட்டும் போகலாம். ஒவ்வொன்றிலும் சுற்றுவது, விடுவது என இரண்டு வழிகள். எந்த இரண்டு நடைகளையும் எடுத்தாலும் ஏதோ ஒரு வளையலில் அவை வேறுபடும். அந்த வளையலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஆணியோடு நசுக்கிவிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஆகவே எல்லா நடைகளும் வெவ்வேறானவை. கணிதவியலர் கேன்டரின் வாதத்தின்படி அவற்றை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தவே முடியாது. வளையல்களை எண்ணிட முடிகிறது. அவற்றின் குலத்தை எண்ணிட முடியவில்லை.

இன்னொரு நடையும் உண்டு. பெரிய வளையலை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இரண்டாவதை, பின்னால் மூன்றாவதை. இப்போது இடைவெளிகள் நான்கு. அவற்றில் நான்கு முதல் ஏழு வரை. இப்படியே ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு வளையலைச் செருகிக்கொண்டே போகலாம். மொத்தத் தூரம் அதே 32 செ.மீ. ஆனால் இந்தச் சொல்லுக்கு முதலெழுத்து இல்லை, கடைசியெழுத்து இல்லை, எந்த எழுத்துக்கும் அடுத்த எழுத்து என்று ஒன்றும் இல்லை. எழுத்தும் அதன் எதிரும் அடுத்தடுத்து வந்தால் அழி என்ற நம் பழைய விதி இங்கே கை வைக்க இடமில்லாமல் நிற்கிறது. அடுத்தது என்பதே இல்லாத இடத்தில் எதை அழிப்பது?

ஆணியில் தடுக்கியவர்கள்

இரண்டு வெளிகளை ஒட்டினால் அவற்றின் குலங்களும் எப்படி ஒட்டும் என்று சைஃபர்ட் 1931லும் ஃபான் காம்பன் 1933லும் காட்டியிருந்தார்கள். ஒட்டும் இடத்துக்கு அருகில் வெளி சாதுவாக இருக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. ஆணிக்கு அருகில் வெளி சாதுவாக இல்லை. எவ்வளவு கிட்டப் போனாலும் அங்கே இன்னும் முடிவில்லாத வளையல்கள் இருக்கின்றன.

எச். பி. கிரிஃபித்ஸ் 1954ல் இதை ஓர் அழகான எடுத்துக்காட்டால் உணர்த்தினார். வளையல் கொத்து ஒன்றின் மேல் கூடாரம்போல் ஒரு கூம்பை எழுப்புங்கள். கூடாரத்தின் துணி வழியாக எந்தச் சுற்றையும் உச்சிக்கு இழுத்து ஒரு புள்ளியாக்கிவிடலாம். அங்கே சிக்கும் சுற்றே கிடையாது. இப்படி இரண்டு கூடாரங்களை எடுத்து, ஆணியும் ஆணியும் தொட ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் எதுவும் சிக்காது என்பதால் ஒட்டியதிலும் சிக்காது என்றுதான் தோன்றும். ஆனால் இடப்பக்கம் ஒரு வளையல், வலப்பக்கம் ஒரு வளையல் என்று மாறி மாறி முடிவின்றிச் சுற்றிவரும் எறும்பின் நூல் எப்படி இழுத்தாலும் வராது. எத்தனை முறை அவிழ்த்தாலும் ஆணிக்கருகில் இன்னும் அவிழாத பாக்கி இருந்துகொண்டே இருக்கிறது.

1956ல் கிரிஃபித்ஸ் காதணியின் குலத்தையே விவரிக்க முயன்றார். முடிவில்லாச் சொற்களைப் பற்றி கிரஹாம் ஹிக்மன் 1952ல் போட்டிருந்த பாதை அவருக்கு முன்னால் இருந்தது. கிரிஃபித்ஸின் முடிவு சரி. நிரூபணத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதை ஜான் மோர்கனும் இயன் மாரிசனும் 1986ல் அடைத்தார்கள். முப்பது ஆண்டுகள்! எளிய வெளி என்று நினைத்த ஒன்று எத்தனை கவனத்தைக் கேட்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தக் குலம் கட்டற்றதா என்ற கேள்விக்கு விடை ஹிக்மனிடமே இருந்தது. காதணியின் குலத்திலிருந்து முழு எண்களுக்குப் பெருக்கலைக் கெடுக்காமல் போகும் எந்த வழியும் ஏதோ சில வளையல்களை மட்டுமே பார்க்கிறது. ஓர் அளவுக்கு மேல் சிறுத்தவை அதன் கண்ணில் படுவதில்லை. ஆகவே அப்படிப்பட்ட வழிகள் எண்ணிடத்தக்கவை. இவ்வளவு பெரிய குலம் கட்டற்றதாக இருந்திருந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் நம் விருப்பப்படி ஓர் எண்ணைக் கொடுத்து எண்ணிட முடியாத அளவுக்கு வழிகளை உண்டாக்கியிருக்கலாம். இரண்டும் பொருந்தவில்லை, எனவே அது கட்டற்ற குலம் அல்ல. 1992ல் பார்ட் டி ஸ்மிட் இதற்குச் சுருக்கமான நிரூபணம் எழுதினார். ஆனாலும் அதிலிருந்து எண்ணக்கூடிய சில சுற்றுகளை மட்டும் எடுத்துப் பெருக்கிக்கொண்டே போனால் கிடைப்பது கட்டற்றதுதான். கர்ட்டிஸும் ஃபோர்ட்டும் 1950களின் இறுதியில் ஒற்றைப் பரிமாண வெளிகளை ஆராய்ந்தபோது தெரிந்த உண்மை இது. சிறு கூட்டமாகப் பார்த்தால் சாது. மொத்தமாகப் பார்த்தால் யாருக்கும் அடங்காதது.

1988ல் சஹரோன் ஷெலா இன்னும் பரந்த ஓர் உண்மையைச் சொன்னார். எல்லைக்குள் அடங்கி, எங்கும், எவ்வளவு சிறிய வட்டாரத்துக்குள்ளும், நடந்து போகக்கூடியதாக இருக்கும் வெளியின் அடிப்படைக் குலம் சில எழுத்துகளால் எழுதி முடிக்கக்கூடியது. இல்லையென்றால் எண்ணிடவே முடியாதது. இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

திரும்பி வந்த வரைபடம்

அழிக்கும் விதி நின்றுபோன இடத்திலிருந்து வழியைக் கண்டவர்கள் ஜப்பானின் கட்சுயா எடாவும், அமெரிக்காவின் ஜேம்ஸ் கேனன், கிரெக் கானர் இருவரும். முடிவில்லாச் சொற்களுக்கும் இனி அழிக்க முடியாத ஒரு சுருங்கிய வடிவம் உண்டு, அது ஒன்றே ஒன்றுதான் என்று அவர்கள் நிலைநாட்டினார்கள். கேனன், கானர் கட்டுரை 2000த்தில் வந்தது. எந்த ஒற்றைப் பரிமாண வெளியிலும், எப்படிப்பட்ட சுற்றுக்கும், வீண் நடை எதுவும் இல்லாத ஒரு வடிவம் இருக்கிறது. மாரமங்கலம் வரை போய்த் திரும்பிய வீண் நடைகள் முடிவின்றிப் பின்னிக் கிடந்தாலும் நூலை இழுத்து இறுக்க முடியும்.

2002ல் எடா வெளியிட்ட முடிவுதான் இந்தக் கதையின் சிகரம். எந்தப் புள்ளிக்கு அருகில் போனாலும் சிறுத்துச் சிறுத்துச் செல்லும் அவிழாத சுற்றுகள் உள்ள ஒற்றைப் பரிமாண வெளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சியர்பின்ஸ்கி முக்கோணம், கம்பளம், மெங்கரின் வெளி மூன்றும் அப்படிப்பட்டவை. அவ்வகை வெளிகள் இரண்டுக்கு ஒரே குலம் என்றால், அவை ஒரே வெளி. காரணமும் அழகானது. காதணியின் குலம் அவ்வகை வெளியொன்றின் குலத்துக்குள் நுழையும் ஒவ்வொரு விதமும் உண்மையான ஒரு புள்ளியைச் சுட்டுகிறது. முடிவில்லா வளையல்கள் சுருங்கிச் சேர அங்கே ஓர் ஆணி இருந்தே ஆக வேண்டும். குலத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆணிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கலாம். எங்கும் ஆணியாக இருக்கும் வெளியில் ஆணிகள் அத்தனையும் கிடைத்தால் வெளியே கிடைத்துவிட்டது.

தோட்டப் பாதைகளில் நாம் இழந்ததை இப்போது நினைத்துப் பாருங்கள். ஐந்து சந்தியும் ஏழு பாதையுமான எளிய வரைபடம் தன் சொற்களுக்குள் தொலைந்துபோனது. மூன்று என்ற எண் மட்டும் மிஞ்சியது. ஒரு புள்ளியில்கூட நூல் எளிதாக அவிழாத வெளியோ, தன் சொற்களிலிருந்து ஒரு புள்ளி விடாமல் முழுதாகத் திரும்பி வருகிறது. சிக்கல்தான் அங்கே நினைவாக இருக்கிறது. ஒரு முடிச்சையும் விடாமல் இழுத்துக் கட்டிய கம்பிக்குத் தான் சுற்றிய புள்ளிகள் எல்லாம் தெரியும்.

அடுத்த இதழில் வளையங்கள் பாதைகளை விட்டுப் பரப்புகளில் ஏறுகின்றன. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்தக் காஞ்சிபுரத்தில் 1932ல் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும், அதே ஆண்டு தண்டரை கிராமத்தில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும் சென்னை லயோலா கல்லூரியில் படித்துவிட்டு, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 1965ல் அடிப்படைக் குலத்தைப் பற்றி எழுதிய ஒரு தேற்றம் உலகம் முழுவதும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. அந்தக் கதை அங்கே.

(தொடரும்)